பதினொரு ஒன்றுகள்

ரப்பர் விலை விழுந்தபோது, ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மலாக்காவில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை எடுத்தோம். நான் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கப் போனேன். அவர் வேலை கேட்டு மனுக்கள் எழுதினார். பதில்கள் வருவது நின்றபின் கணக்குப் போடத் தொடங்கினார்.

ஒன்றுகளை வரிசையாக எழுதி, எதால் வகுபடும் என்று பார்ப்பார். 111 மூன்றால் வகுபட்டது. ஏழு ஒன்றுகள் 239ஆல் வகுபட்டன. பத்து ஒன்றுகள் வரை, 11 என்ற எண்ணைத் தவிர எல்லாம் உடைந்தன. பதினொரு ஒன்றுகளில்தான் சிக்கிக்கொண்டார்: 11111111111.

“இது எதாலையும் வகுபடாது போலக் கிடக்கு,” என்றார். அந்த நாட்களில் அவர் முகம் மலர்ந்தது அப்போது மட்டுந்தான்.

ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை வகுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்குள் வகுக்கும் எண் அகப்படாவிட்டால் பிறகு அகப்படவே படாதாம். பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, நோட்டு நோட்டாக வகுத்தார்.

“வேலை தேடாமல் இதென்னப்பா விளையாட்டு?” என்று ஒருநாள் கத்தினேன். அவர் பென்சிலைச் சீவினார்.

இரண்டு வருஷத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டினார். அதற்குள், இருமலாகத் தொடங்கிய நெஞ்சுநோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, “மிச்சத்தை நீர் பாரும். பிழை விடாமல் பாரும்,” என்றார்.

“ஓம்,” என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுவாரம் நோட்டுகளை எடுத்தேன். நீள வகுத்தல் எனக்கு மறந்திருந்தது. கை பழகட்டும் என்று, அவர் போட்ட கணக்குகளையே கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டு வந்தேன். பள்ளி விட்டு வந்து தினமும் ஐந்தாறு கணக்கு. மாதங்கள் போயின. ஒரு பிற்பகல் 21649க்கு வந்தேன். அவருக்கு மீதி பத்தாயிரம். எனக்குப் பூஜ்யம்.

மூன்று தரம் போட்டேன். பூஜ்யந்தான். நடுவில் ஒரு கழித்தலில் 5174 என்று வரவேண்டியது, அவர் கையில் 5184 ஆகியிருந்தது. அந்த எண் அங்கேயே உடைந்திருக்க வேண்டும். அது தெரியாமல் அதன்பிறகும் எத்தனையோ மாதம் இருமிக்கொண்டே வகுத்திருக்கிறார்.

நான் கத்தியது அவர் இந்தப் பிழை விட்ட நாள்தானா? அவர் தேதி போடுவதில்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். எழுத்து எங்கும் ஒரேமாதிரி நேராகத்தான் இருந்தது.

அவருக்குக் கடைசிவரை தெரியாமல் போனதே நல்லது என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று அழுதேன். அவருடைய பக்கத்தைத் திருத்த மனம் வரவில்லை. வேறு தாளில் 21649ஐயும் ஈவாக வந்த 513239ஐயும் பெருக்கினேன். பதினொரு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன. கீழே கடைக்காரர் துணி கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டுச் சொல்ல எனக்கு யாருமில்லை.