மழைக்காக எழுதிய வரி

ராசிங்காபுரத்துக் கன்னையன் தபால்காரராக மலைக்குப் போனது 1971-இல். மழை பொய்த்துச் சோளம் கருகிய வருஷங்கள் அவை. அண்ணன் தம்பிகளில் யாராவது ஒருவர் நிலத்தை விட்டு நகர வேண்டியிருந்தது, நகர்ந்தவர் இவர். போடி மலைச் சரிவில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த கிளைத் தபால் நிலையம், ராஜாராம் என்பவருடைய மளிகைக் கடையின் ஒரு மூலைதான். ராஜாராமே போஸ்ட் மாஸ்டர். போடியிலிருந்து பஸ்ஸில் பை வரும். கடிதங்களுக்கு முத்திரை குத்தியதும் கன்னையன் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடப்பார்.

கடிதங்களை நனைய விடமாட்டார், யார் கடிதத்தையும் படித்துப் பார்க்கமாட்டார் என்று அவரைப் புகழ்வார்கள். அவை அந்த வேலையில் இருந்தே தீர வேண்டியவை, புகழ ஒன்றுமில்லை. அவரைப் பற்றி எழுதுவதாக இருந்தால் பீட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எந்தப் பாதையில் போவது, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருடைய கடிதத்தை யார் கையில் கொடுப்பது என்றெல்லாம் எழுதி வைக்கும் புத்தகம் அது. தபால்காரர் காய்ச்சலில் படுத்தால் மாற்று ஆள் அதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். மலையில் அதைச் சரியாக வைத்திருப்பது லேசில்லை. கூலி ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் எல்லா வீடும் ஒரே மாதிரி. வெள்ளையடிக்கும்போதெல்லாம் கதவுக்கு மேலே இருக்கும் எண் மறைந்து போகும். புது எண் போடுகிறவன் எந்தக் கோடியில் தொடங்குகிறானோ அந்த வீடு ஒன்றாம் நம்பர். அதனால் கன்னையன் எண்ணை நம்பவில்லை. 'கொய்யா மரத்தடி வீடு, அமாவாசை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, கருத்தம்மாள்' என்று அடையாளமும் பெயருமாக எழுதி, குடி மாறும்போதெல்லாம் திருத்திக்கொண்டே வந்தார்.

பிறகு ஒரு வருஷம் விடாத மழை. மேல் லயத்துக்கு ஏறும் பாதை ஏலச்செடிகளுக்குள்ளே போகும். மழையில் அங்கே அட்டைகள் புற்களின் நுனியில் நின்று ஆடும். புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசினாலும், திரும்பி வந்து பார்த்தால் வேட்டியெல்லாம் ரத்தம். ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணி வெள்ளைத்துரையின் வீடு கீழே, ரோட்டோரம். மேல் லயத்து ஆட்கள் தினமும் அவரைப் பார்ப்பவர்கள். கன்னையன் பழைய பெயர்களை எல்லாம் அடித்துவிட்டு ஒரு வரி எழுதினார்: 'மேல் லயம் முழுவதும், கங்காணி வீட்டில் கொடுக்கவும்.'

மழை நின்றதும் அதை அடித்துவிட நினைத்திருந்தார். மழை நின்றது. அட்டைகளும் மண்ணுக்குள் போயின. வரி இருந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சம்பள நாளில் மேல் லயத்து மொக்கம்மாள் கருவாடு வாங்க ராஜாராம் கடைக்கு வந்தார். கணவர் இல்லாதவர், கங்காணிக்குக் கூடப் பிறந்த தங்கை. அவருடைய ஒரே மகள் வீரலட்சுமி, தாய்மாமன் மகனைக் கட்ட மாட்டேன் என்று சொல்லி, மதுரை மில்லில் வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"ஏப்பா தபாலு," என்றார் மொக்கம்மாள். "ஊர்ப்பட்ட பேருக்குக் கடுதாசி சொமக்குற. எம்மக எனக்கு ஒரு வரி எழுத மாட்டேங்குறாளே. இருக்குற எடமாச்சும் தெரிஞ்சா நான் போய்ப் பாப்பேன்ல?"

"என்னக்கா இப்பிடிச் சொல்றீங்க? மதுரையில இருந்து ஒங்க பேருக்கு மாசாமாசம் வருதே. கங்காணி வீட்டுல குடுக்குறேனே, தரலையா?"

கருவாடு நிறுத்துக்கொண்டிருந்த ராஜாராம் தராசைக் கீழே வைத்தார். அந்தக் கருவாட்டை வாங்காமலே மொக்கம்மாள் மலையேறிப் போனார்.

கன்னையன் புத்தகத்தில் இருந்தபடிதான் கொடுத்தார். எந்த மேலதிகாரியும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஒரு பதிவு தவறாக இருக்கும்போது, அதன்படி ஒழுங்காக நடப்பவர் அந்தத் தவறை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பார். கன்னையனுக்கு அது அன்றைக்குப் புரிந்தது.

மறுநாளே அவர் மேல் லயத்துக்கு ஏறி, வீடு வீடாகப் பெயர் கேட்டார்.

"எம்பேருக்கு எவன் எழுதப் போறான்?" என்று அன்னக்கொடி சிரித்தாள். "எழுதிக்கிட்டுப் போங்கண்ணே. எவனாச்சும் எழுதுனா எம்புருசன் கண்ணுல காட்டாமக் கொண்டாங்க."

கோடி வீட்டுக்கு வந்ததும் கன்னையன் குனிந்தபடியே எழுதினார்: 'விறகுக் கொட்டகைக்கு அடுத்த வீடு, மொக்கம்மாள். கையில் கொடுக்கவும்.' பழைய வரியை அடித்து, ராஜாராமிடம் கையெழுத்தும் வாங்கினார்.

ஆனால் அதன் பிறகு கடிதம் வரவில்லை. ஐப்பசி வந்தது, பஸ்ஸிலிருந்து பை இறங்கும்போதெல்லாம் கன்னையன் மதுரை முத்திரையைத் தேடினார். எழுதி எழுதிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாளோ? வேலை கொடுக்கும் அண்ணனிடம் போய்க் கேட்க மொக்கம்மாளுக்குத் துணிவில்லை; கன்னையனிடம் கேட்பதையும் விட்டுவிட்டார். வழியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். கேட்டிருந்தால் பரவாயில்லை என்று கன்னையனுக்குத் தோன்றும்.

கார்த்திகையில், நல்ல மழையில், வந்தது.

கன்னையன் காலில் புகையிலைச் சாற்றைப் பூசிக்கொண்டு ரோட்டிலிருந்து மேலே திரும்பியதை வெள்ளைத்துரை வாசலில் இருந்து பார்த்தார்.

"ஏ மாப்ளே, மழையில அட்டைக்கு விருந்து வைக்கப் போறியா? இங்கனயே குடுத்துட்டுப் போக வேண்டியதுதான?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே. மொக்கம்மா அக்காவுக்குத்தான்."

கங்காணி திரும்பி வீட்டுக்குள் போனார்.

மொக்கம்மாள் கடிதத்தை வாங்கி, தடவிப் பார்த்து, மறுபடி அவரிடமே நீட்டினார். கன்னையன் படித்தார். இத்தனை எழுதியும் பதில் இல்லை, ஆத்தாவுக்குக் கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது. மாசியில் தனக்குப் பிரசவம். இதற்கும் பதில் இல்லையென்றால் இனி எழுத மாட்டேன் என்று இருந்தது. மதுரை விலாசம் அடியில் இருந்தது.

"எழுதுப்பா," என்றார் மொக்கம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆத்தா வர்றேன்னு எழுது. வெரசா வர்றேன்னு எழுது. இங்க கூட்டியாந்து நாந்தான் பிள்ளைப்பேறு பாப்பேன்னு எழுது."

பையில் இருந்த இன்லண்டுத் தாளை எடுத்துக் கன்னையன் எழுதினார். அனுப்புநர் இடத்தில், புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினார்: மொக்கம்மாள், விறகுக் கொட்டகைக்கு அடுத்த வீடு, மேல் லயம்.

திரும்பி இறங்கும்போது வெள்ளைத்துரை ரோட்டிலேயே நின்றிருந்தார். கையில் ஏல நாரால் கட்டிய ஒரு கடிதக் கட்டு.

"ஒண்ணையும் பிரிக்கல," என்றார். "கிழிக்கவும் மனசு வரல. எம்மகன் மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் கோவம் வந்துச்சு. குடுப்போம் குடுப்போம்னே இருந்துட்டேன். நீ பையில போட்டு மேல குடுத்துரு."

கன்னையன் கையை நீட்டவில்லை.

"இது இனிமே தபால்ல சேராதுண்ணே. ஒருவாட்டி குடுத்தாச்சு. நீங்கதான் குடுக்கணும்."

வெள்ளைத்துரை கடிதங்களையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். மழை வலுத்தது.

"அட்டை கெடக்குமே," என்றார்.

கன்னையன் மடியை அவிழ்த்து, மிச்சமிருந்த புகையிலையையும் சுண்ணாம்பையும் அவர் உள்ளங்கையில் வைத்தார். கங்காணி குனிந்து, ஒவ்வொரு காலாகப் பூசிக்கொண்டார். பிறகு கடிதங்களை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு மேலே ஏறினார்.