நான்கு இலை விடும்வரை

அந்தப் பேணி இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய டின்பால் பேணி. அடியில் ஆணியால் குத்திய ஐந்து துளைகள், விளிம்பெல்லாம் துரு. கொழும்பு வெள்ளவத்தைக்குள்ளேயே மூன்று வீடு மாறிவிட்டேன், அதை எறிய மட்டும் மனம் வரவில்லை. சமையலறை யன்னலில், கடலின் வெளிச்சம் வந்து விழும் இடத்தில் இருக்கிறது. இன்று காலைவரை தீப்பெட்டியும் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சில சாவிகளும் அதற்குள் கிடந்தன.

அது லொட்ஜ் மாமியினுடையது. எனக்குச் சொந்தமில்லை. போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலத்தில், ரயில் பாதையோரத்து லொட்ஜ் ஒன்றில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்தவர். நான் கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். அவர் கனடா விசாவுக்குக் காத்திருந்தவர். ஒரே மகளுக்கு அங்கே பிள்ளை பிறக்க இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர மாமிக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த லொட்ஜில் எல்லோருமே ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான். ஒரு தலையணை வாங்குவதற்குக்கூட யோசிப்பார்கள்.

மாமியின் பெட்டியில் சாம்பலில் பிரட்டி, சீலைத்துண்டில் முடிந்த கத்தரி விதை இருந்தது. ஊரில் வருடத்துக்கு ஒரு பெருமழை, கொழும்பில் இரண்டு என்பது அவருக்குத் தீராத வியப்பு. மழை ஓயும்போது நாற்று நான்கு இலையோடு தயாராக நிற்க வேண்டும், ஆகவே மழை கொட்டும்போதே வீட்டுக்குள் விதை போட்டுவிட வேண்டும் என்று விரல் மடித்துக் கணக்குச் சொல்வார். பின்மதிலோரம் கிடந்த ஒரு முழ மண்ணையும் பார்த்து வைத்திருந்தார். ஆனால் ஐப்பசி மழை முழுவதும் முடிச்சை அவிழ்க்கவில்லை. நான் பகிடி பண்ணினால், "விதை போட்டனெண்டால் நானும் இஞ்சயே வேர்விட்டிடுவன், பிள்ளை," என்பார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். லொட்ஜில் பலரும் அப்படித்தான், கலண்டர்கூட மாட்டமாட்டார்கள்.

வைகாசி மழை தொடங்கிய வாரத்தில் கனடாவிலிருந்து டெலிபோன் கோல் வந்தது. பெண் குழந்தை. மாமி சிரித்துக்கொண்டே கதைத்தார். வைத்தபின் வெகுநேரம் யன்னலடியில் நின்றார். கடலும் மழையும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன, ஒரு ரயில் நனைந்தபடி தெஹிவளைப் பக்கம் போனது. பிறகு என்னிடம் ஆணி இருக்கிறதா என்று கேட்டார்.

பேணியின் அடியைக் குத்தி, மண் நிரப்பி, விதையை விரல்நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தார். "பேத்தி பிறக்கிறதைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கேல்ல. இது முளைக்கிறதையாவது பாப்பம்," என்றார்.

அது முளைத்தது. பின்னேரங்களில் நான் வேலையால் வரும்போது, மாமி கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலளவு பச்சையைப் பார்த்தபடி இருப்பார். அந்த அறையில் நேரம் அசையாததுபோல் இருக்கும். நான்காவது இலை விரிந்த வாரத்தில் விசாவும் வந்தது. மழை குறையும்வரை வெளியில் வைக்காதே என்று விமானமேறும் நாள்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே செய்தேன், காய்த்தது, சாப்பிட்டேன். பல காலம் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது, அங்கேயும் பங்குனியில் யன்னலடியில் விதை போடுவதாகச் சொன்னார். "இஞ்சயும் அதே கதைதான். மழைக்குப் பதிலா ஸ்னோ."

அன்றைக்கு அவரைப் பகிடி பண்ணிய நான், இப்போது என் மகனிடம் போக விசாவுக்குக் காத்திருக்கிறேன். இந்த வைகாசியில் சந்தையில் கத்தரி விதையைக் கையில் எடுத்தேன். நாற்று வளர்வதற்குள் விசா வந்துவிட்டால் வீண்தானே என்று திரும்ப வைத்துவிட்டேன். மாமியின் பைத்தியம் எனக்கும் தொற்றியிருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து அந்தப் பேணியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மருமகளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

இன்று காலை ஐப்பசியின் முதல் மழை. தீப்பெட்டியையும் சாவிகளையும் மேசையில் கொட்டிவிட்டுப் பேணியில் மண் நிரப்பி, நேற்றுச் சந்தையில் வாங்கி வந்த கத்தரி விதையைப் போட்டேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நான்கு இலை விடட்டும், சொல்கிறேன்.