வெயில் ஊரில் ஒரு குளிர் ஆராய்ச்சி

பரிசோதனைச் செடி வளர்த்து அவதிப்படும் அன்பர்களே, கொளுத்தும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செடிகளின் குளிர் தாங்கும் மரபணுவை ஆராய்வதுதான் என் உத்தியோகம். சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள்.

பஸ்ஸில் கிடைத்த விளக்கம்

நெல்லியடி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா என்ன வேலை என்று கேட்டார். நானும் விட்டேனா? "குளிர் தாங்கிற மரபணு எப்பவோ ரண்டு பிரதியாப் போச்சு அம்மா. ஒண்டு பழைய வேலையைப் பாக்கும். மற்றது கன காலத்திலை மாறிப் புது வேலை பழகும், இல்லாட்டிப் பழுதாப் போகும். அந்த ரண்டாவது என்ன செய்யுது எண்டு பாக்கிறன்" என்றேன். வருடக்கணக்காக நான் மண்டையை உடைப்பதை அவர் அடுத்த தரிப்பிடத்துக்குள் முடித்துவிட்டார்.

"உதுக்கேன் பிள்ளை ஆராய்ச்சி? என்ரை மூத்தவன் தோட்டம் பாக்கிறான், இளையவன் கனடாவிலை குளிர் தாங்கிறான்."

பாரை மீன்

காட்டுத் தக்காளிக் கன்றுகளைக் குளிர்பெட்டியில் வைத்து, எந்தப் பிரதி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இடையில் கதவைத் திறந்தால் எல்லாம் பாழ். 'திறக்கவேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியும் இருந்தேன். காலையில் பார்த்தால் என் கன்றுகளுக்கு நடுவே ஒரு பாரை மீன் படுத்திருக்கிறது! பக்கத்து ஆய்வுகூடத்து அந்தோனி அண்ணை குருநகரிலிருந்து கொண்டுவந்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டடமே கேட்கக் கத்தினேன்.

"ஏன் தங்கச்சி கத்திறீர்? ஒரு பாரையாலை உம்மடை செடிக்குக் குளிர் குறைஞ்சு போச்சோ?"

இரக்கம்

மிஞ்சிய விதை ஒரு தட்டுக் கன்றுகளுக்குத்தான் காணும். வெளிநாட்டு விதை, இனிக் கிடைக்காது. அத்தனையையும் முளைக்க வைத்து, இந்தமுறை பெட்டியைப் பூட்டி, மின்சாரம் நின்றால் கவனிக்கச் சொல்லிச் சாவியை ஆய்வுகூட உதவியாளர் ராசு அண்ணையிடம் கொடுத்தேன். வட்டுக்கோட்டையில் மிளகாய்த் தோட்டம் செய்பவர், செடி என்றால் உயிர். அந்த உயிர்தான் வினையாகிப் போனது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் பெட்டி வெறுமை. கடைசித் தட்டு முற்றத்து வெயிலில் இருக்கிறது. இலையெல்லாம் சுருண்டு தொங்க, ராசு அண்ணை பக்கத்தில் நின்று தண்ணீர் தெளிக்கிறார். ஆத்திரத்தில் கத்த வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார், அதுவும் என்னைக் கண்டிக்கிற குரலில்.

"பச்சைக் கண்டுகளை உந்தக் குளிருக்குள்ளை பூட்டி வைக்க உங்களுக்கு எப்பிடிப் பிள்ளை மனம் வந்தது?"

ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதி வைத்திருக்கும் செடியை இத்தனை காலம் ஆராய்ந்த எனக்கு, இரண்டாவது தட்டுக்கு நாலு விதையை ஒதுக்கி வைக்கத் தோன்றவில்லை.