மேரிசெலினிடம் கேட்க வேண்டியது

ரூத் யேசுரட்ணத்தைத் தேடித் திரிகிறாராம் என்று டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் ஒரு ஞானஸ்நான வீட்டில் யாரோ சொல்ல, சிநேகிதன் பேனாட் அதை இக்காஸ்ட் ஊருக்குக் கொண்டுவந்து அவன் காதில் போட்டான்.

"ரெண்டு தரம் உன்ரை கதவைத் தட்டினவவாம். வேலையாலை நிப்பாட்டப்போறா போலை. நல்ல சேட்டொண்டைத் தோய்ச்சு வை, வேலை கேட்டுப் போகேக்கை போடலாம்."

யேசுரட்ணம் சிரிக்கவில்லை. தட்டியது அவனுக்குத் தெரியும். வேலை போகப்போகிறது என்ற பயத்தில், அந்த இரண்டு முறையும் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவன் அவன். ஆலையிலும் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தான்.

ரூத் தையல் ஆலையில் அவனுக்கு மேற்பார்வையாளர். யூதப் பெண். நான்கு வயதில் ஜெர்மன்காரரிடமிருந்து தப்ப, மீன்பிடிப் படகில் சுவீடனுக்குக் கொண்டுபோகப்பட்டு, போர் முடிந்தபின் திரும்பி வந்தவர். தன்னைப் படகில் ஏற்றிய நாடு எவருக்கும் வஞ்சகம் செய்யாது என்று நம்பியிருந்தார். மனைவி மேரிசெலினின் விசா இழுபடுகிறது என்று போன வருடம் யேசுரட்ணம் அழாக்குறையாகச் சொன்னபோது, உணவறையில் எல்லோர் முன்னாலும் அந்த நம்பிக்கையோடுதான் பதில் சொன்னார்: எங்கள் அலுவலகங்கள் காரணமில்லாமல் ஒருவரையும் காக்க வைக்காது, உன் மனைவிக்குத்தான் வர விருப்பமில்லை, அங்கே வேறு யாரும் இருக்கிறார்களோ என்னவோ. மேசைக்கு மேசை சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அவனோடு வீட்டுக்கும் வந்தது. விசாவுக்காக அவள் காத்துக் கிடந்த கொழும்பு லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்து, அதே கேள்வியை மேரிசெலினிடம் கேட்டுவிட்டான். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததோடு அது தீர்ந்தது என்று நினைத்திருந்தான். போன கிழமை விசா கிடைத்தும், வாறன் என்று அவள் சொல்லவில்லை.

இதற்கிடையில் பத்திரிகைகள் எழுதிவிட்டன: தமிழர் குடும்பங்களின் விண்ணப்பங்களை அரசாங்கமே வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது என்று.

பேனாட் வந்துபோன மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் ரூத் எழுந்தார். அதே உணவறை, சிரித்த அதே ஆட்கள். யேசுரட்ணத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இங்கே வைத்துத்தான் உன்னை அவமானப்படுத்தினேன். பத்திரிகையில் வாசித்தேன், நான் சொன்னது பொய். என்னை மன்னிப்பாயா?"

பாவமன்னிப்பு என்றால் யேசுரட்ணத்துக்குப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் முகம் தெரியாமல் குசுகுசுப்பது. இந்த மனுஷி தன் கீழ் வேலை செய்பவர்கள் அத்தனை பேருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, தானும் எழுந்துவிட்டான்.

கடவுளிடம் கேட்டிருக்கலாமே என்றான், தெரிந்த டேனிஷில்.

"திங்கட்கிழமை யூதர்களான எங்களுக்கு மன்னிப்பு நாள். கடவுளுக்குச் செய்ததைக் கடவுள் மன்னிப்பார். உனக்குச் செய்ததை அவராலும் மன்னிக்க முடியாது. நீதான் மன்னிக்க வேண்டும்."

"எனக்குச் செய்ததை மன்னிச்சிட்டன். ஆனா அவளையும் சொன்னீங்கள்."

"அதை மன்னிக்கிற உரிமை அவளுக்குத்தான்," என்றார் ரூத்.

அந்தச் சொல் தன் மேலும் விழுந்ததை அவன் உணர்ந்தான்.

ரூத்தின் கண்ணாடி அறையில் தொலைபேசி இருந்தது. கொழும்பில் பின்னேரம், அவள் லொட்ஜில்தான் இருப்பாள். முதலில் நான் மன்னிப்புக் கேட்க வேணும், நானும் அவளிட்டை அதே கேள்வியைக் கேட்டவன் என்று அவன் சொன்னபோது, ரூத் தொலைபேசியை அவன் பக்கம் நகர்த்தினார். மன்னிப்புக் கேட்கத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டார். சொல்லிக்கொடுத்தான்.

எண்களைச் சுழற்றினான். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் ரூத் கண்ணை மூடி, "என்னை மன்னியுங்கோ, என்னை மன்னியுங்கோ" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.