பச்சை உடம்பும் பச்சைத்தண்ணீரும்

ஏணை என்ற சொல் அன்று எனக்கு வராமல் போனது நித்திரையில்லாத அலுப்பாலா, மூளைக்குள் செத்துப்போன நரம்புக் கலங்களாலா? இன்றும் தெரியவில்லை.

மகள் பிறந்து சில கிழமைகள். நாரந்தனை வீட்டில், மாமி, என் கணவரின் தாய், ஆமணக்கிலையும் பாவட்டையும் அவித்த சுடுநீரை எனக்கு வார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் முறை. ஆவி அடிக்க ஒரு கண் மங்கியது, கால் மடிந்தது. உள்ளே, சேலையில் கட்டிய ஏணையில் குழந்தை வீரிட்டது. அதை ஆட்டச் சொல்ல வாயெடுத்தேன். சொல் இல்லை.

எனக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை நரம்புகளைப் பழுதாக்கும் வருத்தம்; கலியாணத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். மாமிக்கு அது வாதம், வாதத்துக்குச் சூடு. நான் பிள்ளையை விழுத்திவிடுவேன் என்று பயந்து, அன்றிலிருந்து பாலூட்ட மட்டும்தான் அவளை என் மடிக்குத் தந்தார்.

யாழ்ப்பாணத்து டொக்டர் ஸ்கான் படத்தைக் காட்டினார். வெள்ளைப் பகுதியில் தழும்புகள். சாம்பல் நிறப் பகுதியும் கொஞ்சம் மெலிந்திருந்தது. இறந்த கலங்கள் திரும்பாது என்றார். சூடு அவற்றைக் கொல்வதில்லை, பழுதான நரம்புகளைக் கொஞ்ச நேரம் மந்தமாக்கும், உடம்பு ஆறினால் தெளியும் என்றும் சொன்னார். பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். களைத்தால் கதிரையில் இருந்துகொண்டு தூக்கச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில், மண்டைதீவுச் சந்தி தாண்டி பஸ் கடலுக்கு நடுவே ஓடியபோது முடிவெடுத்தேன். போனது போகட்டும். மிஞ்சியதில் ஒன்றையும் சும்மா விடமாட்டேன்.

மறுநாள் காலை கிணற்றில் அள்ளித் தலையில் வார்த்தேன். மாமி ஓடிவந்தார்.

"பச்சை உடம்பிலை பச்சைத்தண்ணியே வார்க்கிறீர்? சன்னி வந்தால் ஆர் பாக்கிறது?"

"சூடு எனக்கு ஏலாது மாமி. தலையைத் துவட்டிப்போட்டு வாறன். பிள்ளையை என்னட்டைத் தாங்கோ."

துவட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினேன், மடக்கவில்லை. மாமி குசினிக்குள் இருந்து கதிரையை இழுத்துவந்து போட்டார்.

"இதிலை இரும். விழுந்தால் ரெண்டு பேரையும் தூக்க எனக்குப் பெலனில்லை."

இப்போது மகள் ஓடித் திரிகிறாள். நான்தான் குளிப்பாட்டுகிறேன், நான்தான் தூக்குகிறேன். சில சொற்கள் இன்னும் ஒளித்துக்கொள்கின்றன. வரும்வரை விடாமல் நிற்கிறேன். மாமியோ வெள்ளிதோறும் என் பெயருக்கு அர்ச்சனை செய்து, எல்லாம் பழையபடி வந்துவிடும் என்கிறார். வராது என்று சொன்னால் பயத்தில் பிள்ளையைத் திரும்பவும் வாங்கிவிடுவாரோ? சொல்லாமல் விடுவதும் சரியாகப் படவில்லை. உங்கள் வீட்டில் இப்படியொன்றைச் சொல்ல நேர்ந்திருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பிள்ளையை மட்டும் நான் இறக்கிவைக்கமாட்டேன்.