காய்ச்சல் விட்ட காலை

என் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். திருப்பூர் மண்ணரையில் ஒரு வீட்டு மாடியில், ஒற்றை அறையில் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டதுதான் மாற்றம். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். என் கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. இரண்டு பேருக்குமே சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமான மூன்றாம் மாதம் திருப்பூருக்கு வந்தவர்கள்.

அன்று விடிந்ததிலிருந்தே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாவற்றையும் செய்தேன். ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், தலைக்குக் கம்பளிக் குல்லா போட்டு, இரண்டு போர்வையால் சுற்றிப் படுக்க வைத்தேன். கணவர் கறி எடுக்கப் போயிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருக்கும்போதே அவள் உடம்பு ஒரு தடவை விறைத்தது. கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கடைவாயில் நுரை.

நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து ஓடி வந்தார். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கீழ்த்தளத்தில் நாலு மெஷின் போட்டு, டீ சர்ட்டுக்குக் காலர் தைத்துக் கொடுக்கிறவர். யாரிடமும் "ங்க" போடாமல் பேச மாட்டார், பிள்ளைகளிடமும் என்னிடமும் தவிர.

"அய்யோ சாமி, வெட்டு வந்துருச்சே!" என்று இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்து மூடினார். "பல்லுக்கு நடுவுல குடுக்கறதுக்கு ஒரு கரண்டி எடு கண்ணு, சீக்கிரம்!"

எனக்குக் கரண்டி கிடைக்கவில்லை. தினமும் புழங்குகிற சமையல் மேடை, அந்த நேரத்தில் எங்கே எது இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. தேடிக்கொண்டு இருக்கும்போதே இழுப்பு நின்றுவிட்டது. பிள்ளை துணி மாதிரித் துவண்டு கிடந்தாள். உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மா மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். "மூச்சு இருக்குது கண்ணு. அழுவாதே. வா, வண்டில ஏறு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ஸ்கூட்டி ஓட்டியதும், பின்னால் நான் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. எந்த வழியாகப் போனோம் என்பது ஞாபகம் இல்லை. கிளினிக் வாசலில் இறங்கும்போது அவள் முழித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, வீல் என்று அழுதாள். அவளுடைய அழுகை அப்படி இனித்தது அன்றைக்குத்தான்.

குழந்தை டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். போர்வை, குல்லா எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தை மெல்ல முன்னால் வளைத்துப் பார்த்தார். பிறகு இறுக மூடியிருந்த கையைப் பிரித்தார். உள்ளே சாவிக்கொத்து.

"இது யார் வீட்டுச் சாவி?"

"எங்கூட்டுதுங்க," என்றார் வீட்டுக்கார அம்மா.

"பத்திரமா வச்சுக்கோங்கம்மா. இழுப்பு தானாத்தான் நின்னிருக்கு. சாவிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்கார அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

எத்தனை நிமிடம் இழுத்தது என்று டாக்டர் என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். ஒரு மணி நேரம் என்று சொல்ல வாய் வந்தது. "ரெண்டு நிமிஷம் இருந்திருக்கும். சின்னப் பிள்ளைங்க சிலருக்குக் காய்ச்சல்ல இப்படி வரும். பார்க்கத்தான் பயங்கரமா இருக்கும், மூளைக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு, ஆறு வயசுக்குள்ள விட்டுப் போயிரும். இனி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில கரண்டி, தண்ணி, மருந்து எதுவும் வைக்கக் கூடாது. முக்கியமா மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நின்னுட்டாலும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிருங்க."

வலிப்பு அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். பிள்ளை தும்மினால்கூட அக்குளில் வைத்துவிடுவேன். நூறைத் தாண்டினால் எனக்குச் சோறு இறங்காது. நூற்று ரெண்டு என்றால் லீவு. வேலைக்குப் போன நாளிலும் பாதி நேரம் பாத்ரூமில் நின்று வீட்டுக்கார அம்மாவுக்கு ஃபோன் செய்துகொண்டு இருப்பேன். "வெளையாடீட்டு இருக்கறா கண்ணு, நீ தைய்யி," என்பார் அவர்.

மூன்று வயதில் ஒரு தடவை நூற்று மூன்று அடித்தது. அலறிக்கொண்டு கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். எங்கள் முறை வருவதற்குள் அவள் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளி ரயில் விட்டாள். என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தாள். உள்ளே போனதும் டாக்டருடைய டார்ச் லைட்டைப் பிடுங்கினாள்.

"இந்தப் பிள்ளையவா தூக்கிட்டு ஓடி வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"நூத்தி மூணுங்க டாக்டர்."

"இருக்கட்டும். காய்ச்சல் இருக்குன்னு மட்டும்தான் அந்த நம்பர் சொல்லும். பிள்ளை எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும். தண்ணி குடிக்குதா, ஒண்ணுக்குப் போகுதா, காய்ச்சல் கொஞ்சம் இறங்குனதும் மூஞ்சி தெளியுதா, மூச்சு சாதாரணமா விடுதா, இதைப் பாருங்க. மூணு மாசத்துக்குக் கீழ உள்ள கைக்குழந்தைன்னா கதை வேற. அதுக்கு நூறைத் தாண்டினாலே தூக்கிட்டு வந்துரணும். உங்க பொண்ணு இப்போ என் டார்ச்சை ஒடைக்கப் போறா. அதான் இப்போதைய ஆபத்து."

வெட்கமாக இருந்தது. வீடு வரும் வரை எனக்குள் சிரித்துக்கொண்டும் வந்தேன்.

அடுத்த வருடம், அவளுக்கு நாலு வயது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டு இருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று வீடுகளில் டெங்கு. தொட்டித் தண்ணீரில் மருந்து ஊற்ற மாநகராட்சி ஆட்கள் வாரம் ஒரு தடவை வந்தார்கள். திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்தவள் கண் சிவந்து படுத்துவிட்டாள். மூன்று நாள் நூற்று மூன்றைத் தொடுகிற காய்ச்சல். மருந்து கொடுத்தால் இறங்கும், பிறகு ஏறும். இறங்குகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள், கதை கேட்பாள். அதனால் நான் பழையபடி பதறவில்லை. புதன்கிழமை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்குதான் என்றார்.

"எடைக்குத் தக்கபடி எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் மட்டும் போதும். வேற வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுத்துடாதீங்க. தண்ணி, இளநி, கஞ்சின்னு குடிக்க வச்சுக்கிட்டே இருங்க. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு நாள், ரெண்டு நாள்தான் இதுல கவனமா இருக்கணும்."

தலையாட்டினேன். காய்ச்சல் விட்டால் போதும் என்று தவித்துக்கொண்டு இருந்தவளுக்கு, விட்ட பிறகு என்ன கவனம் வேண்டிக் கிடக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. தெர்மாமீட்டர் தொண்ணூற்று எட்டு காட்டியது. சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம், "விட்டுருச்சு," என்று சொல்லும்போதே அழுகை வந்தது. அவர் அவள் தலையைத் தடவிவிட்டு, "அப்ப நீ வேலைக்குப் போ. நாலு நாளாச்சு. நான் பக்கத்துலயே படுத்துக்கிடுதேன்," என்றார். சூப்பர்வைசர் முந்தின நாளே ஃபோனில், ஷிப்மென்ட் நெருக்கிக்கொண்டு இருக்கிறது, வந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார். கீழே வீட்டுக்கார அம்மாவும், "போய்ட்டு வா கண்ணு. பாதி இட்லி குடுத்தாப் போதும், நான் பாத்துக்கறேன்," என்றார்.

எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வரும். குளித்து, சேலை மாற்றி, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு அவள் பாயருகே குனிந்து, "அம்மா வேலைக்குப் போய்ட்டு வாரேன்," என்றேன்.

அவள் அழவில்லை.

பிறந்து ஒன்பதாம் மாதத்திலிருந்து அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். ஒரு நாள்கூட என் சேலையைப் பிடித்துத் தொங்காமல் விட்டவள் இல்லை. காய்ச்சலில் கிடந்த நாளில் ரேஷன் கடைக்குப் போகக்கூட விடவில்லை. இப்போது என்னைப் பார்த்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

பையைக் கீழே வைத்தேன். கையைத் தொட்டேன். வெளியே புழுக்கம், அவள் உள்ளங்கை மட்டும் சில்லென்று இருந்தது. பாதமும் அப்படியே. "தண்ணி குடிக்கியா கண்ணு?" வேண்டாம் என்று தலையை அசைத்தாள். "எங்க வலிக்கு?" வயிற்றில் கை வைத்தாள். விடிகாலையில் கொடுத்த கஞ்சியையும் இளநீரையும் வாந்தி எடுத்திருந்தாள். காய்ச்சல் விட்ட சந்தோஷத்தில் அதைத் துடைத்துவிட்டு மறந்திருந்தேன். கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று யோசித்தேன். நேற்று சாயங்காலம்.

"ஏங்க, பிள்ளை சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு இருந்தார். "காய்ச்சல்தான் விட்டுட்டே. அசந்து கிடக்கா. தூங்கி எந்திரிச்சாச் சரியாகும்."

"விட்ட பிறகுதான் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாங்க. இது தூக்கம் இல்லங்க. கையைத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். கழற்றிய சட்டையை மறுபடி மாட்டினார்.

அந்த நேரம் வேன் ஹாரன் அடித்தது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன், பின்னாலேயே அவர். வேனில் பதினான்கு பேர் இருந்தார்கள். "இன்னைக்கு வரலண்ணா. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்," என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "ஏறுங்க," என்றார். கம்பெனி ஒரு திசை, பெரிய ஆஸ்பத்திரி எதிர்த் திசை. உள்ளே இருந்த யாரும் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா மட்டும் பிள்ளையின் பாதத்தைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த டாக்டர் அவளுடைய விரல் நகத்தை அழுத்தி, விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் சிவக்க நேரமாயிற்று. பிரஷர் பார்த்தார். "காய்ச்சல் எப்ப விட்டுச்சு?" "இன்னைக்குக் காலைலதான்." அதற்குள் நர்ஸ் கையில் ஊசி ஏற்றி, டிரிப்ஸைத் தொடங்கிவிட்டார். "சரியான நேரத்துல வந்துட்டீங்க. காய்ச்சல் இல்லையேன்னு சாயங்காலம் வரைக்கும் வீட்ல வச்சிருந்தா ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்," என்றார் டாக்டர்.

அந்தப் பகல் நகரவே இல்லை. நானும் அவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். மணிக்கொரு தரம் வந்து பிரஷர் பார்த்தார்கள். சிறுநீர் போனாளா, போனாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணி சுமாருக்கு அவள் காலருகே விரிப்பு ஈரமாவதைப் பார்த்தேன். "போயிட்டா! சிஸ்டர், போயிட்டா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கணவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நனைந்த விரிப்பை மாற்ற வந்த நர்ஸ், "இவ்வளவு சந்தோஷமா யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல," என்றார்.

மறுநாள் அவளுக்குப் பசித்தது. தேங்காய் பன் வேண்டும் என்றாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கி வந்தோம். தேங்காயை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு பன்னை அப்பாவிடம் நீட்டினாள். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போன முதல் நாள், வேன் தாமதமானதற்கு ஏதாவது பேச்சு வரும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்தார், என் மெஷினில் நூல் கோக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றார், "பாப்பா சாப்பிடறாளாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவளுக்கு இப்போது ஏழு வயது. போன வாரம் மறுபடி காய்ச்சல். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற சளிக் காய்ச்சல்தான், நூற்று ஒன்றோ ரெண்டோ. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். அவர் மிளகு ரசம் வைத்தார். அவள் பாயில் படுத்தபடியே அப்பாவுடன் பாம்பும் ஏணியும் விளையாடினாள். தாயக்கட்டையை இரண்டு தடவை திருப்பி வைத்து ஏமாற்றினாள். அவர் கண்டுபிடித்துக் கேட்டபோது, "எனக்குக் காய்ச்சல் அடிக்குல்லா?" என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. நான் சுவரோரம் தலையணையைப் போட்டுச் சாய்ந்தேன். அவர்கள் சண்டை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.