ஐயாக்கண்ணு எரிக்கப் போன கட்டி

உடம்பிலிருந்து வெட்டி எடுத்த கட்டி வெட்டியவருக்கா, வளர்த்தவருக்கா? கொட்டச்சேடு மலைக்கிராமத்து ஐயாக்கண்ணு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றார். வளர்த்தவர் என்ற முறையில் திருப்பிக் கேட்டார்.

காலையில் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்தால் ஒவ்வொரு தண்டாகத் தடவுவார். பட்டை வரிவரியாகப் புடைத்திருந்தால் உள்ளே புழு துளைக்கிறது என்று பொருள். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அன்றே எரிப்பார். விட்டுவைத்தால் புழு வண்டாகி அடுத்த செடிக்குப் பறந்துவிடும். கிளையில் பழம் இருந்தாலும் இரக்கம் கிடையாது. மனிதர்களிடமும் ஏறக்குறைய இதே முறைதான். தம்பி ஒருமுறை பொய் சொன்னார். அன்றோடு பேச்சு முடிந்தது.

சென்ற ஆண்டு அவருடைய பெருங்குடலில் புற்றுக்கட்டி வந்தது. சேலத்தில் வெட்டி எடுத்து, சில மாதங்களுக்கு வயிற்றில் மலம் சேரும் பை பொருத்தினார்கள். மஞ்சக்குட்டை போகும் ஜீப்பில் யாராவது ஒட்டி உட்கார்ந்தால், "தள்ளி உக்காருங்க. இது எப்பப் பேசும்னு எனக்கே தெரியாதுங்க" என்பார். அந்த நெரிசலிலும் கால் நீட்ட அவருக்கு இடம் கிடைத்தது.

கல்லீரலுக்குப் பரவவில்லை என்று ஸ்கேன் சொன்னது. அவர் நம்பவில்லை. கட்டியில் ஒரு துண்டு ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரி உறைபெட்டியில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் சம்மதம் சொன்னவர் அவரேதான். ஆனால் மயக்க மருந்து ஏறும் முன்பே பயத்தில் பாதி மயங்கியிருந்தார். "புழு உழுந்த செடிய எவனாச்சும் பொட்டிக்குள்ள வெச்சுக் காப்பாத்துவானா? அங்கிருந்தே ஈரலுக்குப் பறந்து வந்துரும்" என்று மனைவி கண்ணாயியையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

ஆராய்ச்சியாளர் புவனேஸ்வரி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். பெட்டியில் இருப்பது பறந்து வராது. பரவுவதென்றால், வெட்டும் முன்பே ரத்தத்தில் நழுவிப்போன செல்களால்தான். அந்தத் துண்டில் அவர் தேடுவது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்ணிய இழைகளை. செல்லுக்குள் போகும் கட்டளைகளை மறித்து நிறுத்துவது அவற்றின் வேலை. சில இழைகள் புற்றைப் பரவவிடாமல் பிடித்து வைக்கும். சில, காவலுக்கு நிற்கும் மரபணுக்களையே அடக்கிவிட்டுக் கல்லீரலுக்கு வழி திறந்துவிடும். ரத்தத்திலும் அவை மிதக்கும்; கையில் ஊசி குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்தும் தேடலாம்.

"கணக்கு எழுதற எஸ்டேட் ரைட்டர் மாதிரிங்களா?" என்றார் ஐயாக்கண்ணு. "மம்பட்டியத் தொடமாட்டான். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னிக்கு வேலை நின்னுரும்."

"நானுந்தான் ஊட்டுல தெனமும் வேண்டாங்கறேன். என்ன நிக்குது?" என்றார் கண்ணாயி.

புவனேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒண்ணு சொல்லிடறேனுங்க. இதனால உங்களுக்கு ஒரு பலனும் இல்லைங்க. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம், உதவாமயும் போகலாம். வேண்டாம்னு சொல்லுங்க, இன்னிக்கே எரிச்சுரச் சொல்றேன்."

மலையிறங்கி வந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஐயாக்கண்ணு காதைச் சொறிந்தார்.

"பின்னால வர்றவங்கன்னா யாருங்க?"

"யாருன்னு தெரியாதுங்களே."

"எங்காளுங்களா?"

"எந்த ஊர்க்காரங்களாவும் இருக்கலாமுங்க."

"ஏனுங்க, எரிக்கத்தான வந்தோம்?" என்று கண்ணாயி முழங்கையால் இடித்தார். "நொம்ப யோசிக்காம வாயத் தொறங்க."

ஐயாக்கண்ணு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, ஊசி குத்த வசதியாக நரம்பு தெரியும்படி, கையை மேசைமேல் நீட்டினார்.